விதிப்படி அத்தை

பொன்மணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது போடியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவள் வாயை மூடினால்தான் ஆபத்து என்பது அந்த ஏலக்காய்க் கடை முதலாளிக்குத் தெரியாமல் போயிற்று. காய் ரகம் பிரிக்கிற பெண்கள் ஓயாமல் பேசுகிறார்கள் என்று, 'வேலை நேரத்தில் பேசக் கூடாது' என எழுதிச் சுவரில் ஒட்டினார் மனிதர். மறுநாள் மலையிலிருந்து வந்த லோடை, பிரித்து வைத்திருந்த முதல்தரக் குவியலின் மேலேயே கொட்டிவிட்டார்கள். பொன்மணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோதும் பேசவில்லை. விரலால் சுவரைக் காட்டினாள்.

அந்த வேலை அன்றோடு போயிற்று. அவள் வீட்டுக்காரர் பிரின்ஸ் பழைய சாக்கு வாங்கி விற்பவர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரும் சாக்கு மாதிரியே ஆகிவிட்டார்; எதைப் போட்டாலும் உள்ளே வாங்கிக்கொள்வார், சத்தம் வராது. அன்றைக்கும் கேட்டுவிட்டு, அப்படியா, சாப்பாடு இருக்கா என்றார்.

சர்ச்சில் அவளுக்கு அறிமுகமானவர் ஜெபகுமார். ஊர்க்கோடியில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். அவர் பள்ளியில் மகா என்று ஆட்டிசம் உள்ள பெண்பிள்ளை ஒருத்தியைச் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் அவளோடு கூடவே இருக்க ஓர் உதவியாளர் வேண்டும். வந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. மூன்றாவதாக அவர் பொன்மணியைக் கேட்டார். பிள்ளை யாரோடும் பேசாது, அதனால் உங்கள் பேச்சு அவளைத் தொந்தரவு செய்யாது என்று அவர் சொன்னதை, பாராட்டு என்றே பொன்மணி எடுத்துக்கொண்டாள்.

மகாவின் அப்பா ஈஸ்வர் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். விடியும் முன்னே எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான். அம்மா ராஜாத்தியும் அதே ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போவாள். பள்ளியில் சேர்க்கும்வரை மகாவும் அந்த ஜீப்பின் முன்சீட்டில்தான் வளர்ந்தாள். காலையில் ஏறுவாள், சாயங்காலம் இறங்குவாள். நடுவில் கொண்டை ஊசி வளைவுகளும் டீசல் வாசனையும்தான். ஜீப்பு நிற்கிற இடத்தில் எப்போதும் தள்ளுமுள்ளு என்பதால் ராஜாத்தி அவளுக்கு ஒரு பாடம் சொல்லிவைத்திருந்தாள்: சொந்தக்காரங்க கையைத்தான் பிடிக்கணும், வேற யாரு கையையும் பிடிக்கக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடும். மகாவிடம் சொன்னால் கல்லில் வெட்டின மாதிரி.

பொன்மணி வேலைக்கு வந்த முதல் நாள் பள்ளி வாசலில் மகா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஈஸ்வர் கெஞ்சினான். பின்னால் இரண்டாம் நடைக்கு ஏறியிருந்த எஸ்டேட் ஆட்கள் நேரமாகிறது என்று முனகினார்கள். நீங்களாவது பாருங்கக்கா என்று அவன் பொன்மணியிடம் சொன்னான். பொன்மணி குனிந்து சீட்டுக்கு அடியில் தலையை நீட்டினாள்.

"உங்கப்பா என்னைய இப்ப எப்படிக் கூப்பிட்டாரு?"

உள்ளே கொஞ்ச நேரம் யோசனை ஓடியது. பிறகு, "அக்கா" என்று வந்தது.

"அப்பாவோட அக்கா உனக்கு என்ன வேணும்?"

இதற்கும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "அத்தை" என்றாள். சொன்ன கையோடு ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. பொன்மணி பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மகாவுக்கு அவள் அப்பாவோடு கூடப் பிறந்த அத்தை. மகாவுக்கு முறை என்றால் முறைதான், அதில் பேச்சுக்கு அத்தை, நிஜத்துக்கு அத்தை என்று இரண்டு கிடையாது. பொன்மணிக்கு இது வேலையைச் சுலபமாக்கிவிட்டது. சத்துணவு சமைக்கும் மொக்கம்மாளை, மகாவின் காதுபட "ஏ மகளே" என்று தன்னைக் கூப்பிட வைத்தாள். மகா கணக்குப் போட்டு மொக்கம்மாளை அப்பத்தா ஆக்கி, அவள் கையால் சோறு வாங்கிக்கொண்டாள். வாட்ச்மேன் தவசி அக்கா என்று கூப்பிட்டுச் சித்தப்பா ஆனார். கணக்கு வாத்தியார் கன்னையனிடம் மட்டும் இது கோணிக்கொண்டது. அவர் தலை நரைத்தவர். பொன்மணியை "ஏம்மா" என்பார். மகா யோசித்துவிட்டு, அப்ப நீங்க அத்தையோட மகன் என்று நிறைந்த வகுப்பில் அறிவித்தாள். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தன. மறுநாளிலிருந்து கன்னையன் பொன்மணியை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவருக்குப் பொன்மணி மேல் வேறொரு வருத்தமும் உண்டு. உதவியாளர்களுக்கான விதிமுறைகள் மேலிடத்திலிருந்து வந்தபோது ஜெபகுமார் முதல் பக்கத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினார். இரண்டாம் பக்கத்துக்குச் சுவரில் இடமில்லை, மேசைக்குள் போட்டுவிட்டார். ஒட்டிய பக்கத்தைப் பொன்மணி மாலை மலர் படிப்பது போல ரசித்துப் படித்தாள். பிள்ளை சொல்ல வேண்டிய பதிலை உதவியாளர் சொல்லக் கூடாது. பிள்ளைக்குத் தானாகச் செய்யத் தெரிந்ததைச் செய்துகொடுக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிள்ளையாகக் கை நீட்டினால் உதறக் கூடாது. உண்மையல்லாததைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிடித்தது, உதவியாளரை வேறு எந்த வேலைக்கும் ஏவக் கூடாது என்பது. கன்னையன் வழக்கம்போல ஒரு டீ வாங்கிட்டு வந்துடும்மா என்றபோது, பொன்மணி மெதுவாக விரலை நீட்டிச் சுவரைக் காட்டினாள். அந்த விரலுக்கு அதில் ஒரு பழக்கம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுஜாதா வரும்வரை.

சுஜாதா புதிதாக வந்த ஆய்வு அதிகாரி. சேலத்துப் பக்கம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் பை, யாரையும் நீங்க வாங்க என்றே பேசுவார். பொன்மணியை மிஸஸ் பொன்மணி என்றார். அப்படி அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை. ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி மகாவின் தலையைத் தடவக் கையைக் கொண்டுபோனபோது மகா பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். சுஜாதா கையை எடுத்துக்கொண்டு, தப்பு என்னுடையது என்றார். பொன்மணிக்கு அந்த அம்மாளைக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிற்று.

வகுப்புக்குப் பின்னால் மகாவுக்கென்று தனியாக ஒரு பாத்ரூம் உண்டு. குழாய்ச் சத்தம் அவளுக்கு ஆகாது என்பதால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். சுஜாதா அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். சாவி உதவியாளரிடம்தான் இருக்க வேண்டும், ஆசிரியர்கள் உட்பட யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றார். யார் கேட்டாலுமா என்று பொன்மணி பவ்யமாகக் கேட்டாள். யார் கேட்டாலும்தான் என்றார் அதிகாரி.

அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் கன்னையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பொன்மணியை ஏவ முடியாததால் அவரே ஓடினார். முதலில் இஞ்சி டீ வந்தது. பிறகு இளநீர். வெயிலாக இருக்கிறது என்று மோர். அதற்குப் பிறகு, போடிக்கு வந்துவிட்டு ஏலக்காய் டீ குடிக்காமல் போவதா என்று ஒரு பெரிய டம்ளர். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மரியாதைக்காரி சுஜாதா. எல்லாவற்றையும் குடித்தார்.

அதற்குள் பெஞ்சுக்கு மேலே வந்துவிட்ட மகாவைப் பார்த்து, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டார், பக்கத்தில் இருப்பவர் உனக்கு யார் என்று.

"அத்தை" என்றாள் மகா. "அப்பாவோட அக்கா."

சுஜாதா பேனாவை மூடி வைத்தார். விதிமுறையின் இரண்டாம் பக்கத்தில், உதவியாளர் மாணவரின் உறவினராக இருக்கக் கூடாது என்று இருக்கிறது என்றார். ஜெபகுமார் மேசை இழுப்பறையைத் திறந்தார்; அங்கே அது இருக்கத்தான் செய்தது. சும்மா முறை சொல்லிக் கூப்பிடுவதுதான் மேடம் என்று அவர் வழிந்தார். சுஜாதா பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டார். ஈஸ்வர் எங்கோ ஒரு வளைவில் ஜீப்பை ஓரங்கட்டிப் பேசினான். பொன்மணி உங்களுக்கு யார் என்று கேட்டதும், அக்காவுக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டான் பாவி.

"யாரு, நம்ம அக்காவா? என் கூடப் பொறந்தவ மாதிரின்னு என்ன, கூடப் பொறந்தவதான் மேடம்" என்றான். அதற்கு மேல் சிக்னல் இல்லை.

வாசலில் நின்ற தவசியையும் கேட்டார்கள். சொந்தம் என்றால் மரியாதை கூடும் என்பது தவசியின் எண்ணம். தேவாரத்துப் பக்கம் ஒரு வழியிலும், குரங்கணிப் பக்கம் ஒரு வழியிலும் எல்லாரும் சொந்தம்தான், தான்கூடப் பிள்ளைக்குச் சித்தப்பாதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பொன்மணி சர்ச்சுக்குப் போகிறவள், ஈஸ்வர் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவன், இதில் சொந்தம் எங்கிருந்து வரும் என்று ஜெபகுமார் பதறிப்போய்ச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

சுஜாதா ஒன்றும் புரியாதவர் இல்லை. எங்க ஊரிலும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம் என்றார். ஆனால் இந்த விதி ஏன் வந்தது என்று தனக்குத் தெரியும் என்றார். வேறொரு ஊரில் ஒரு பிள்ளைக்குச் சொந்தச் சித்தியே உதவியாளர். சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளையைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்வந்தாள். வீட்டு ஆள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கதவைத் திறந்தது சுஜாதாதான். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. 

"நீங்க உறவுன்னா, இங்க வேலை செய்ய முடியாது" என்றார் சுஜாதா. "உறவு இல்லைன்னா, பிள்ளைகிட்ட உண்மையல்லாததைச் சொல்லியிருக்கீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலை மேடம். ரெண்டு கேள்விதான் கேட்டேன்" என்றாள் பொன்மணி.

சுஜாதாவுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, வெளியே காட்டவில்லை. அப்படியானால் விஷயம் சுலபம் என்றார். மகாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் உன் அத்தை இல்லை என்று, என் முன்னாடி, ஒரே ஒரு வாக்கியம். பள்ளி விடுவதற்குள் சொல்லிவிட்டால் அறிக்கையில் எழுத ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

பொன்மணி மகாவைத் திரும்பிப் பார்த்தாள். மகா தள்ளிப் போய், இந்தப் பேச்சு எதையும் காதில் வாங்காமல் ஜன்னல் கம்பியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் வேலை இருக்கும், பிள்ளையின் கை இருக்காது. சொல்லாவிட்டால் வேலையும் இருக்காது, மகாவும் புது ஆள் கிடைக்கும்வரை மறுபடி அந்த ஜீப்பு சீட்டுக்குப் போவாள். புது ஆள் எப்போது கிடைப்பாள், கிடைத்தாலும் எத்தனை நாள் இருப்பாள் என்று யாருக்குத் தெரியும். பொன்மணி வாயைத் திறந்தாள். ஏலக்காய்க் கடையில், பஸ்சில், ரேஷன் கடையில் யாருக்கும் அடங்காத அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மகாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம். சுவரில் ஒட்டின காகிதத்தை வைத்து இத்தனை காலம் ஊரை ஆட்டிவைத்தவள், மேசைக்குள் கிடந்த காகிதத்தில் மாட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியே மரத்தடிக்கு வந்தார். நடையில் ஓர் அவசரம் இருந்தது. தீர்ப்பு கேட்க வருகிறார் என்று பொன்மணி எழுந்து நின்றாள். ஆனால் சுஜாதா கேட்டது வேறு. டீச்சர்கள் பாத்ரூமில் மோட்டார் எரிந்துபோய் நேற்றிலிருந்து தண்ணீர் இல்லையாம். அந்தச் சாவி கொஞ்சம் வேண்டும் என்றார்.

இஞ்சி டீ, இளநீர், மோர், ஏலக்காய் டீ எல்லாம் பொன்மணியின் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. இவ்வளவு துக்கத்திலும் அவளுக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. கன்னையனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

"யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு காலைல ஒரு அதிகாரி சொல்லிட்டுப் போனாங்க மேடம்."

சுஜாதா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். விதியை எழுதியவர்களின் நோக்கம் அதுவல்ல என்று ஆரம்பித்தார். பொன்மணி ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நோக்கம் என்றால் என்ன மேடம் என்று விளக்கமும் கேட்டாள். சுஜாதாவின் நெற்றியில் வியர்த்துவிட்டது. சேலத்துக்காரி, அதிகாரி, மிஸஸ் எல்லாம் அந்த வியர்வையில் கரைந்தது.

"அக்கா, வெளையாடாதீங்க. குடுங்கக்கா" என்றார்.

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த சாவி இடுப்பிலிருந்து வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெரசா போங்க மேடம், வலது பக்கம் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும் என்று பொன்மணி அக்கறையோடு வழியும் சொன்னாள்.

அவள் போட்டிருந்த திட்டம் ரொம்பச் சின்னது. திரும்பி வந்ததும், நீங்களும் என்னைய அக்கான்னு கூப்பிட்டீங்களே, அப்ப நாமளும் சொந்தமா மேடம் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் வேலை பிழைக்கும் என்றுகூட அவளுக்கு நம்பிக்கை இல்லை. போகிற போக்கில் ஒரு குத்து குத்திவிட்டுப் போவதில் ஒரு திருப்தி, அவ்வளவுதான். ஆனால் அவளை முந்திக்கொண்டு இன்னொருத்தி கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்.

முகம் தெளிந்து திரும்பி வந்த சுஜாதாவின் எதிரில் மகா போய் நின்றாள்.

"நீங்க அத்தையை அக்கான்னு சொன்னீங்க."

"ஆமா" என்றார் சுஜாதா, கொஞ்சம் வெட்கத்தோடு.

"உங்களுக்கு என்ன வயசு?"

சுஜாதா பொன்மணியைப் பார்த்தார். பொன்மணி வேப்பமரத்து உச்சியைப் பார்த்தாள். உண்மையல்லாததைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சுஜாதா மெல்லிய குரலில் வயதைச் சொன்னார். தள்ளி நின்ற ஜெபகுமார் அது காதில் விழாத மாதிரி செருமினார்.

"அப்பாவுக்கு அதை விடக் கம்மி" என்றாள் மகா. "அப்பா உங்களுக்குத் தம்பி. நீங்க எனக்கு அத்தை."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். காலையில் இதே பெண் தலையில் விரல் படும் முன்னே பெஞ்சுக்கு அடியில் போனவள். சுஜாதா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் அதிகாரியின் முகமாக இல்லை. பொன்மணி பக்கத்தில் போய் நின்றாள். குத்திக்காட்ட வேண்டும் என்று எடுத்துவைத்த கேள்வி அவளுக்கு மறந்தே போயிற்று. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"நீங்க அவ அத்தை இல்லைன்னு நீங்க முதல்ல சொல்லிருங்க மேடம். அடுத்தாப்ல நானும் சொல்லிர்றேன்."

நீட்டின கை அப்படியே இருந்தது. பிள்ளையாகக் கை நீட்டினால் உதறக் கூடாது என்ற விதி அந்த நேரத்தில் யார் நினைவிலாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சுஜாதா குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தை அவரும் சொல்லவில்லை. மகா அவரை இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், தன் பெஞ்சைக் காட்டினாள், ஜன்னல் கம்பியைக் காட்டினாள், சுவரில் ஒட்டியிருந்த விதிகளை ஒன்றுவிடாமல் பார்க்காமலே ஒப்பித்தாள். இரண்டாம் பக்கம் ஜெபகுமாரின் மேசைக்குள் பத்திரமாகத் திரும்பிப் போய்விட்டது.

பள்ளி விட்டது. ஈஸ்வரின் ஜீப்பு வந்து நின்று, மகா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நாளைக்கு வரணும் என்று பொன்மணி சொன்னாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பள்ளி உண்டு என்று மகா பதில் சொன்னாள். அக்காவுக்கு எதுவும் நல்லது நடந்ததா என்று ஈஸ்வர் ஆவலாக விசாரித்தான். அவனை என்ன செய்தால் தகும் என்று பொன்மணி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்பு கிளம்பிவிட்டது.

சுஜாதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். தவசி கதவைத் திறந்து பிடித்தார். பொன்மணி கொஞ்சம் தயங்கி, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ரத்த சொந்தம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன் என்றார் சுஜாதா. பாத்ரூம் மோட்டாரைப் பழுது பார்க்கச் சொல்லியும் எழுதியிருக்கிறாராம்.

"அடுத்த தடவை இங்க வேற அதிகாரிதான் வருவாரு" என்றார் பிறகு. "சொந்தக்காரங்க இருக்கிற பள்ளியை ஆய்வு செய்யக் கூடாதுன்னு எங்களுக்கும் ஒரு விதி இருக்குக்கா."

சாவி பொன்மணியின் இடுப்புக்குத் திரும்பியிருந்தது. அந்த அம்மாளுக்கு இப்போது அது தேவைப்படவும் இல்லை. ஆனாலும் அக்கா என்றார். பஸ் நிறுத்தத்தை நோக்கி அவர் நடப்பதைப் பார்த்தபடி பொன்மணி நின்றாள். அந்த மேடம் உங்களுக்கு என்ன முறை வேணும் என்று தவசி நச்சரித்தார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. பேசக் கூடாது என்று அங்கே எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கவும் இல்லை.